ஊதா மூடிக் குழாய்

எங்கள் லேப் டெக்னீஷியன் அக்காவுக்கு வார்டு நர்ஸுகள் வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி. வைக்கட்டும். பதினெட்டு வருஷமாக இவர்கள் அடிக்கிற கூத்தைப் பார்த்துக்கொண்டு பல்லிளித்தா நிற்க முடியும்? பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

ஊதா மூடி போட்ட குழாயில், ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து உண்டு. மெக்னீசியம் பார்க்க அந்த ரத்தம் ஆகவே ஆகாது, சிவப்பு மூடிதான் வேண்டும். வார்டில் என்ன செய்வார்கள்? சிவப்பில் ரத்தம் குறைந்தால், இன்னொரு முறை ஊசி குத்தச் சோம்பிக்கொண்டு, ஊதாவிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றிவிடுவார்கள். ஒரே ஆளின் ரத்தம்தானே என்று நியாயம் வேறு! அந்த மருந்து மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை ஏற்றிவிடும். மெஷினுக்கு என்ன தெரியும், அளந்ததைச் சொல்லும்.

அன்று காலை இரண்டாம் மாடியிலிருந்து, சிறுநீரகம் பழுதான ஒரு அம்மாவின் ரத்தம் வந்தது. மெக்னீசியம் அதலபாதாளத்தில் இருந்தது. புது ஏற்பாட்டின்படி, அக்கா பார்ப்பதற்குள் ரிசல்ட் தானாகவே டாக்டருக்குப் போய்விட்டது. நேரம் மிச்சமாம்! அக்கா மற்ற எண்களையும் பார்த்தாள். கால்சியம் பேருக்குத்தான் இருந்தது, பொட்டாசியம் உச்சத்தில். உடனே வார்டுக்குப் போன் போட்டாள்.

"அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா உக்காந்து பேப்பர் படிக்கிறாங்க. மெக்னீசியம் ட்ரிப் போடப் போறோம், வைங்க."

"இந்தப் பொட்டாசியத்துக்கு இதயம் எப்பவோ நின்னிருக்கணும்டி," என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஓடினாள். பழுதான சிறுநீரகம் கூடுதல் மெக்னீசியத்தை வெளியே தள்ளாது. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சொட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. அக்கா நேராகப் போய் ட்ரிப்பை மூடினாள்.

"எங்கம்மா மருந்த நிறுத்த நீங்க யாரு?" என்று மகள் பாய்ந்தாள்.

அக்கா நர்ஸைப் பார்த்தாள். "ஊதாவுல இருந்து ஊத்துனியா?"

"கொஞ்சம்தான்க்கா..."

அக்காவே புதிதாக ரத்தம் எடுத்து வந்து பார்த்தாள். மெக்னீசியம் குறையவே இல்லை, ஏற்கெனவே கூடுதல்! நெஞ்செரிச்சலுக்கு அந்த அம்மா தினமும் குடித்த, மெக்னீசியம் கலந்த மருந்து செய்த வேலை. டாக்டர் ட்ரிப்பைக் கழற்றச் சொன்னார்.

மறுநாள் அக்காவுக்கு மெமோ வந்தது. பணியிடத்தை விட்டுப் போனதற்கும் சிகிச்சையில் தலையிட்டதற்கும் விளக்கம் வேண்டுமாம். ஊற்றியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! நான் வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அக்கா இரண்டு ரிசல்ட்டையும் மெமோவோடு சேர்த்துப் பின் குத்தி, கீழே எழுதினாள்: "அடுத்த முறை நான் இடத்தைவிட்டு எழக்கூடாதென்றால், அதை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போடுங்கள்."

இரண்டு மாதமாகிறது. கையெழுத்துப் போட இன்னும் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.