கமாண்டர் மாரினுஸும் பட்டாணிப் பீப்பாயும்

மாரினுஸ் லீவன்ஸுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. எங்கள் ஃப்ளிஸ்ஸிங்கன் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கப்பல் முகத்துவாரத்தைத் தாண்டியதும் வாளியைத் தேடுவார். முதல் சில நாட்கள் அவரும் வாளியும் இணைபிரியாத ஜோடி. பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு ஆங்கிலேயனை ஓட ஓட விரட்டுவார். இப்படி ஒரு மனிதர் கடற்படையில் கமாண்டர் வரைக்கும் வந்தார் என்றால், அது அவருடைய பிடிவாதம்தான்.

கயிறு திரிப்பவரின் மகன். வீட்டில் பிள்ளைகள் அதிகம், ரொட்டி கம்மி. மீசை முளைக்கும் முன்பே ஹெர்ரிங் படகில் ஏறி மீனுக்குக் குடல் எடுத்தார். பிறகு பாய்மரம் ஏறினார், பீரங்கிக்கு மருந்து கெட்டித்தார். ஒருமுறை கடற்கொள்ளையரிடம் சிக்கி அவர்களுக்குச் சமைத்துப் போட்டாராம். அந்தச் சமையலைத் தாங்க முடியாமல் அவர்களே கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். ஊர் சொல்லும் கதை இது. அவர் மறுத்ததில்லை. பெரிய இடத்துச் சிபாரிசு எதுவும் இல்லாமல், தலை நரைக்கத் தொடங்கும்போது கேப்டன் ஆனார்.

மனைவி தான்னெகே பீப்பாய் செய்பவரின் மகள். பீப்பாய் வாங்கப் போய், ஒழுகுகிறது என்று அவளிடம் வாயைக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியவர், மறு வாரமே பெண் கேட்டுப் போனார்.

எங்கள் கடற்படையில் மாலுமிகளுக்குச் சாப்பாடு போடுவது கேப்டனின் தலைவலி. தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டுக் கடற்படையை நடத்தும் சபை கையைத் துடைத்துக்கொள்ளும். பெரிய இடத்துக் கேப்டன்கள் அதில் பாதியை அமுக்கிவிட்டுப் புழுத்த பட்டாணியைப் போடுவார்கள். மாலுமிகள் மட்டும் என்ன, இளிச்சவாயர்களா? ஆங்கிலேயன் தடியால் அடித்து ஆள் சேர்ப்பான். இங்கே தம்பட்டம் அடித்து, மதுக்கடையில் பேர் எழுத மேசை போட்டுக் காத்திருக்க வேண்டும். பிடித்தால் வருவார்கள். மாரினுஸ் மேசை போட்டால் மட்டும் கூட்டம் அலைமோதும். தான்னெகேதான் காரணம். வியாபாரி நல்ல சரக்கை மேலே போட்டு அடைப்பான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பீப்பாயைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பலகையை உதைத்துத் திறந்து, அடியில் இருப்பதை மென்று பார்த்துத்தான் வாங்குவாள்.

அந்த வசந்தத்தில் மாரினுஸைக் கமாண்டர் ஆக்கினார்கள். நார்வேக்குப் போகும் வணிகக் கப்பல்களைக் காவல் காத்துக் கூட்டிப்போக ஒரு சிறு படை. சபை கூடும் மிடில்பர்க் நகரில் விருந்து நடந்தது. தோளில் பட்டுப் பட்டையும் தலையில் இறகுத் தொப்பியுமாகப் போய் உட்கார்ந்தார். எதிரே காஸ்பர் என்ற பெரிய வீட்டுப்பிள்ளை. கமாண்டர் பதவி தனக்குத்தான் என்று நினைத்து ஏமாந்திருந்த கேப்டன்.

"கமாண்டர், நேத்து கரையில ஒரு பொம்பள பீப்பாயக் கவுத்துப் போட்டு உதைச்சுக்கிட்டிருந்தா. என்ன தொண்டைங்க அது! கருவாட்டு வாடை வேற. விசாரிச்சா உங்க வீட்டம்மாங்கறாங்க. நான் நம்பவே இல்ல" என்றான்.

மேசையே சிரித்தது. மாரினுஸும் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் பட்டை புதிது, நாற்காலி புதிது. மனுஷனுக்குப் புத்தி மழுங்க அது போதும்.

வீட்டுக்கு வந்ததும், "தான்னெகே, இனிமே நீ துறைமுகத்துக்குப் போக வேணாம். தரகர் பால்தாசர் சரக்கு எல்லாத்தையும் வாங்கிக் குடுத்துடுவார்" என்றார்.

"யாரு, கையுறை போட்டுக்கிட்டுக் கருவாடு வாங்குவானே, அவனா?"

"கமாண்டர் பொண்டாட்டி பீப்பாயக் கவுத்தறது நல்லாவா இருக்கு?"

தான்னெகே கையைத் துடைத்துக்கொண்டாள். "சரிங்க, கமாண்டர் ஐயா" என்றாள். அதுவரை 'நீ' என்று பேசியவள் வாயில் அன்றிலிருந்து அவர் 'நீங்க'தான். கஞ்சிக் கிண்ணம் மேசையில் இருக்கும், அவள் இருக்க மாட்டாள்.

தம்பட்டக்காரன் ஹுபெர்ட் ஊரெல்லாம் அடித்துவிட்டு மதுக்கடைக்கு வந்தான். மேசை காலியாகக் கிடந்தது.

"ஒருத்தன் கூடவா வரல?" என்றார் மாரினுஸ்.

"ஒருத்தன் வந்தான் கேப்டன். வழி கேக்க."

"விளையாடாத ஹுபெர்ட்!"

"பட்டாணி யார் வாங்கறதுன்னு கேக்கறானுக. பால்தாசர்னு சொன்னேன். குடிச்சதப் பாதியிலயே வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டானுக."

"என்கூட எத்தனை சண்டையில நின்னவங்கப்பா அவங்க!"

"நின்னாங்க, யாரு இல்லேன்னா? ஆனா தின்னது அம்மா வாங்கிப் போட்டத. வீரம் எல்லாக் கேப்டன்கிட்டயும் இருக்கு. நல்ல பட்டாணி யார்கிட்ட இருக்கு, சொல்லுங்க?"

மறுநாள் சபையிலிருந்து ஒருவன் செய்தி கொண்டுவந்தான். வணிகக் கப்பல்கள் கிளம்புவதற்குள் ஆள் நிறையாவிட்டால் பதவி காஸ்பருக்கு. மாரினுஸ் மீனுக்குக் குடல் எடுத்ததிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்ததெல்லாம் பால்தாசரின் பட்டாணியில் போய் முடியப் போகிறது. வேறு வழியில்லாமல் அடுப்படிக்குப் போனார்.

"ஆள் வரல, தான்னெகே."

"தெரியும். ஊருக்கே தெரியும்."

"நீ வந்தாத்தான்..."

"வர்றேன். நீங்களும் வரணும். அந்தப் பட்டை, இறகுத் தொப்பி எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு."

சந்தை நாளன்று துறைமுகமே திரண்டு வேடிக்கை பார்த்தது. கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு கமாண்டர், தன் மனைவிக்குப் பின்னால் நடந்தார்.

"கவுத்துங்க" என்றாள் தான்னெகே, ஒரு பீப்பாயைக் காட்டி. கவிழ்த்தார். "உதைங்க." உதைத்தார். பலகை அசையவில்லை.

"ஆங்கிலேயன்னு நெனச்சு உதைங்க கமாண்டர்!" என்று யாரோ கத்தினார்கள். அடுத்த உதையில் பலகை பிளந்து, அடியிலிருந்த பட்டாணி புழுவோடு சேர்ந்து கல்தரையில் கொட்டியது. வியாபாரி மெல்ல நழுவினான். கூட்டத்துக்கு ஒரே கும்மாளம்.

அப்போதுதான் காஸ்பர் நண்பர்களோடு அந்தப் பக்கம் வந்தான். அவனைப் பார்த்ததும் தான்னெகே நிமிர்ந்தாள்.

"மாரினுஸ், இவங்க விருந்துல என்னைப் பத்திப் பேசுனப்ப நீயும் சிரிச்சியாமே. அங்க பரிமாறுன பொண்ணு சொன்னா. நெஜமா?"

மாரினுஸ் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். காஸ்பரே அவர் அப்படித்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தான். சிரித்தேன் என்றால் ஊரே காறித் துப்பும், ஒரு பயல் மேசைக்கு வரமாட்டான் என்று மாரினுஸுக்கும் தெரியும்.

"சிரிச்சேன்" என்றார்.

"எதுக்கு?"

"வெக்கமா இருந்துச்சு."

"கருவாட்டு வாடைய நெனச்சா? என்ன நெனச்சா?"

அவர் இறகுத் தொப்பியைக் கழற்றினார். "உன்ன நெனச்சுத்தான் தான்னெகே. தப்புப் பண்ணிட்டேன்."

தான்னெகேயின் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. "வலிக்குது மாரினுஸ். ஆனா நீ இல்லைன்னு மட்டும் சொல்லியிருந்தா, இந்தப் புழுப் பட்டாணிய உன் தலையிலயே கொட்டியிருப்பேன்" என்றவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பீப்பாய்க்கு நகர்ந்தாள்.

கூட்டத்திலிருந்து பழைய பீரங்கிக்காரன் யோஸ் முன்னால் வந்தான். "ஹுபெர்ட், மேசைய இங்க தூக்கிட்டு வா. என் பேர எழுதிக்க. ஊர் முன்னால பொண்டாட்டிகிட்ட உண்மையச் சொன்ன ஆளு, நம்ம தட்டுல பொய் வைக்க மாட்டாரு."

அவன் பின்னால் வரிசை நின்றது. மாலைக்குள் கப்பல் நிறைந்துவிட்டது. காஸ்பர் எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

பதவி தப்பித்ததே தவிர, தான்னெகே அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரவில்லை. பட்டாணி, கருவாடு, வெண்ணெய் எல்லாவற்றையும் அவளே மென்று, முகர்ந்து, ஏற்றி முடித்தாள். கப்பல் கிளம்பிய அன்று மட்டும் கரைக்கு வரவில்லை. மாரினுஸ் கண்ணுக்கு எட்டும்வரை கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நார்வேயில் அவர்கள் நங்கூரமிட்டிருந்தபோது, எங்கள் ஊரிலிருந்து மரம் ஏற்றப் பின்னால் வந்த கப்பல் ஒன்று பக்கத்தில் ஒட்டி நின்றது. அதன் மாலுமி ஒருவன் ஒரு முழுப் பாலாடைக்கட்டியைக் கமாண்டரிடம் நீட்டினான்.

"யாருக்கு? கப்பலுக்கா?"

"இல்லீங்க. கப்பலுக்கும் இல்லையாம், கமாண்டருக்கும் இல்லையாம். மாரினுஸுக்குன்னு சொல்லிக் குடுக்கச் சொன்னாங்க அம்மா."

மாரினுஸ் அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேல்தளத்தில் எல்லோர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதார்.