வெறும் நீலக் கடல்

எங்கள் ராமநாதபுரம் கல்லூரியில் எல்லாத் துறையினருக்கும் கணினிப் பாடம் கட்டாயமான வருடம், தமிழ் இலக்கியத்திலிருந்து ஒரு பெண் என் வகுப்புக்கு வந்தாள். உப்புக் காற்றில் செம்பட்டையான முடி. ஆய்வகத்தில் உட்கார்ந்ததும் நெற்றியில் இருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கணினியின் கேமரா மேல் ஒட்டிவிடுவாள். கிளம்பும்போது அது மறுபடி நெற்றிக்குப் போய்விடும்.

ஊர்த் தொழில் ஒன்றை வரைபடமாக்கி இணையத்தில் ஏற்றச் சொல்லியிருந்தேன். கடலில் பாசி எடுக்கும் தன் அம்மாவையும் கூடப் போகும் பெண்களையும் கேட்டு, பாசி அடர்ந்த இடங்களையெல்லாம் அவள் புள்ளி வைத்திருந்தாள். மதிப்பெண் போடுவதற்கு முந்தின நாள் பார்த்து அசந்துபோனேன். மறுநாள் திரையில் வெறும் நீலக் கடல்.

“புள்ளியெல்லாம் எங்கேம்மா?”

“அழிச்சிட்டேன் சார். நாளைக்கு வேற ஊருக்காரவுக பாத்து அள்ளிட்டுப் போனா, இவுக எங்கன போவாக?”

“அவங்கதானே சொன்னாங்க?”

“எங்கிட்டதான சார் சொன்னாக. ஊருக்கா சொன்னாக?”

“புள்ளியே இல்லேன்னா மார்க் எப்படிம்மா போடுறது?”

“போடாட்டிப் பரவால்ல சார்.”

போட்டேன், முழுசாகவே. தகவலைக் கையாளும் அறம் பற்றிய பாடத்தை நான் கடைசி வாரத்துக்குத்தான் வைத்திருந்தேன். அதை அவள் யாரிடம் படித்துவிட்டு வந்தாள் என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.