எதிர்க்கவிக்காக நின்ற நேரம்

கவி பாடி நான் பெயரெடுத்தது இறக்காமத்து வயல்களில். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒரு கவியைப் பாடினால் நிறுத்திக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் கவி வந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்கலாம். முந்திக்கொண்டு பாடுகிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள்.

நெல் விளைந்ததும் மருதமுனையிலிருந்து நாங்கள் அங்கே வேளாண்மை வெட்டப் போவோம். வெட்டி முடிந்த வயலில் எங்கள் ஊர்ப் பெண்கள் கதிர் பொறுக்க வருவார்கள். வரம்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி எனக்குப் பதில் கவி சொல்வாள். முக்காட்டுக்குள் அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் என்னை மடக்குகிற நாக்கு அவளுக்கு மட்டும்தான் இருந்தது. அதற்காகவே அவளை விரும்பினேன்.

என் மாமா எனக்காக அவளைப் பெண் கேட்டுப் போனார். "கவி பாடுறவனுக்கு என்ட குமரக் குடுத்து, பசிச்சா கவியத் திங்கவா?" என்று கேட்டிருக்கிறார் அவளுடைய வாப்பா. அடுத்த வெட்டுக்கு முன்பே நெசவு தெரிந்த ஒருவரை வீட்டுக்கு மாப்பிள்ளை எடுத்துவிட்டார். அதன் பிறகு அவள் கதிர் பொறுக்க வரவேயில்லை.

வீம்புக்குப் பாடினேன். கலியாண வீடுகளில் கம்பு தட்டி ஆடும் பொல்லடிக்குப் பாட வண்டி அனுப்பிக் கூப்பிட்டார்கள். சம்மாந்துறை வரைக்கும் என் கவிகள் போய்ச் சேர்ந்தன. கடைசியில் கொழும்பு வானொலி நிலையம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. புதுத் தொப்பி வாங்கிக்கொண்டு மட்டக்களப்பில் ரயில் ஏறினேன். ஊர் முழுக்க என் குரலைக் கேட்கப் போகிறது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அவள் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு பின்னேரம், கண்ணாடி அறைக்குள் நேரடி ஒலிபரப்பு. முதல் கவியைப் பாடினேன்.

வாய்க்கால் கரையினிலே வந்து நிக்கன் வெயிலுக்குள்ள
பாய்ச்ச வெச்ச தண்ணி இப்ப பாயுறதெங்க சொல்லு புள்ள

பாடிவிட்டு நிறுத்தினேன். பழக்கதோஷம். வரம்புக்கு அந்தப் பக்கம் காது கொடுப்பதைப் போல அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடிக்கு அப்பால் ஓர் அதிகாரி கையை வீசு வீசென்று வீசினார். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திடுக்கிட்டு அடுத்த கவியைத் தொடங்கினேன்.

"ரேடியோ என்ன, உங்கட வயலா?" என்றார் அவர், வெளியே வந்ததும். இன்னொரு கடிதம் வரவில்லை. ஊரில், "கொழும்புல தொண்டை அடைச்சிட்டாமே!" என்று சந்தையில் வைத்துக் கேலி செய்தார்கள். கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் வந்தன. எனக்கு வந்த வண்டிகள் நின்றுபோயின. நான் திரும்பவும் கத்தியை எடுத்துக்கொண்டு வெட்டுக்குப் போனேன்.

பல வருடங்கள் கழிந்து அவள் மவுத்தானாள். அவளுக்காக நாற்பதாம் நாள் ஓதிய கத்தத்துக்குப் போய்வந்த என் மூத்த சகோதரி, ராத்தா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, நீ ரேடியோவில பாடின அண்டைக்கு நாங்க பொண்டுகள் எல்லாரும் ஒரு வீட்டில கூடிக் கேட்டம். அவளும் நூல் சுத்திக்கிட்டு இருந்தாள். நீ நிப்பாட்டினாய். எல்லாரும் ரேடியோ பழுதாப் போச்செண்டு நினைச்சம். அவள் மட்டும் நூலைக் கீழ வெச்சிட்டு மெதுவாப் பதில் கவி சொன்னாள்."

"என்ன சொன்னாள், ராத்தா?"

"வாய்க்கால் திரும்பினாலும் வந்த வழி மறந்ததில்ல... அவ்வளவுதான். மத்த அடியச் சொல்ல முந்தி நீ அடுத்த கவியத் தொடங்கிட்டாய். அவள் வாயை மூடிக்கிட்டாள். 'இவருக்குப் பொறுமை இல்ல' எண்டு மட்டும் சொன்னாள்."

கூடுதலாக நின்றுவிட்டேன் என்று வானொலிக்காரர் என்னைக் கைவிட்டார். அவளுக்கு அந்த நேரம் போதவில்லை.

அந்த ஓரடியைப் பாடிப் பார்க்கிறேன். எத்தனையோ கவி கட்டியவன் நான். அதற்கு இரண்டாம் அடி கட்டுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனாலும் கட்டவில்லை. முதலடியைப் பாடிவிட்டுப் பொறுத்திருக்கிறேன்.