கழுவித் திரும்பிய பாட்டில்கள்

ஒரு புத்தகம் சீக்கிரம் திரும்பி வந்தால், வாங்கிப் போனவர் அதை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டார் என்று அர்த்தம். தாமதமாக வந்தால், அது எங்கோ அலமாரி இடுக்கில் கேட்பாரற்றுக் கிடந்தது என்று அர்த்தம். நூலக வாசலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து, திரும்பி வரும் புத்தகங்களுக்கு முத்திரை குத்தியே உத்தியோகத்தைக் கழித்தவள் கண்டுபிடித்த உண்மை இது. எல்லோரும் அவளை ரிட்டர்ன் மேடம் என்றார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பெருமைதான்.

“பிடிக்காத புத்தகத்தையும் மறுநாளே கொண்டுவந்து போட்டுருவாங்களே மேடம்,” என்று பைண்டர் ஒருமுறை சொன்னான். கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை கட்டுகிறவன். பசை காயும்வரை வாய் சும்மா இருக்காது.

“நீ பசையைக் கவனி,” என்றாள் மேடம்.

இந்த உண்மையை அவள் நூலகத்தோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆரஞ்சு ஜாமுக்கும் கொண்டுவந்தாள்.

ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்னால் அவள் வீட்டுச் சமையலறையில் ஆரஞ்சு குவியும். தோலைத் தீக்குச்சி கனத்துக்குச் சீவி, சாற்றோடும் சர்க்கரையோடும் காய்ச்சி, சூடு அடங்குமுன் கண்ணாடி பாட்டில்களில் ஊற்றுவாள். மூடிக்கு மேல் கட்டம் போட்ட துணி, துணியைச் சுற்றி ரிப்பன், பாட்டிலின் வயிற்றில் ஒரு லேபிள். அதில் உருண்டைக் கையெழுத்தில் வருடமும் ‘அன்புடன்’ என்ற சொல்லும். செய்முறை, நூலகத்துச் சமையல் புத்தகம் ஒன்றில் எடுத்தது. அதில் ஜாம் பகுதியின் நடுவே ஒரு தாளை யாரோ கிழித்திருந்தார்கள். கிழித்த கை யாருடையது என்று மேடம் வருடக்கணக்கில் விசாரித்தாள். கிழிந்த தாளில் என்ன இருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. முந்தின பக்கத்தையும் பிந்தின பக்கத்தையும் ஒட்டவைத்துப் படித்துக் காய்ச்சினாள்.

ருசி பார்க்கும் பழக்கமும் கிடையாது. அவளுக்குச் சர்க்கரை வியாதி.

கொடுக்கும்போது ஒரே நிபந்தனை. “பாட்டில் மட்டும் திரும்பி வந்துடணும், என்ன?”

வந்தது. தலைமை நூலகரின் பாட்டில் மறுநாள் காலையிலேயே பளபளவென்று அவள் மேஜைக்கு வந்து நின்றது. “பிரமாதம் மேடம். வீட்ல ஒரு துளி மிச்சமில்ல,” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அடுத்த வருடம் அவருக்குப் பெரிய பாட்டில். அதையும் ஒரே ராத்திரியில் காலி செய்தார். அதற்கடுத்த வருடம் அதைவிடப் பெரியது.

“எனக்கு மட்டும் ஏன்யா பெருசாகிட்டே போகுது?” என்று பைண்டரிடம் ரகசியமாகக் கேட்டார்.

“சீக்கிரம் திருப்பிக் குடுத்தா அப்படித்தான் சார். என்னைப் பாருங்க. முதல்ல பெரிய பாட்டில்தான். திருப்பித் தராம இழுத்தடிச்சேன், சின்னது ஆச்சு. மறுபடியும் இழுத்தேன், மருந்து பாட்டில் சைஸுக்கு வந்துச்சு. இப்போ என்னைக் கழட்டி விட்டுட்டாங்க.”

தலைமை நூலகருக்கு அந்தத் துணிச்சல் இல்லை. பதவி அப்படி.

குடும்பத்திலும் இதே அளவுகோல்தான். மருமகள் முதலிடம். வங்கியில் வேலை, வாய் அதிர்ந்து பேசாதவள். சாயங்காலம் ஜாம் கொடுத்தால் காலையில் பாட்டில் திரும்பிவிடும், ரிப்பனை இஸ்திரி போட்ட மாதிரி மடித்து உள்ளே வைத்து. “தங்கமான பொண்ணு,” என்று மேடம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். கடைசி இடம் தங்கைக்கு. கால்சட்டையின் நீளத்தைக் குறைத்து, இடுப்பைப் பெருக்கிக் கொடுக்கும் சின்னத் தையல் கடைக்காரி. கடைக்கு மேலேயே இரண்டு அறையில் வாசம், தனிக்கட்டை. அவளிடம் போன பாட்டில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. தொலைபேசியில் கேட்டால், “இருக்கு இருக்கு,” என்பாள்.

மேடம் ஓய்வு பெற்றாள். ஊழியர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். மகன் வீட்டுக்குப் போவதா, தங்கை வீட்டுக்குப் போவதா?

சாமான் கட்டத் தங்கை வந்திருந்தாள். பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே, “என்கூட வந்துடுக்கா,” என்றாள். “ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டாவது இருக்கலாம். அங்க போனா உன்னை மரியாதையா உட்கார வச்சே கொன்னுருவாங்க.”

“உன்கிட்ட எத்தனை வருஷத்துப் பாட்டில் நிக்குது தெரியுமா?”

தங்கை சுற்றுவதை நிறுத்தினாள். “பாட்டிலா?”

“பாட்டில் பெரிசில்லடி. மனசு. ஆசையா செஞ்சு குடுத்ததைத் திறந்துகூடப் பார்க்காதவ வீட்ல நான் எந்த நம்பிக்கைல வந்து இருக்கறது?”

“திறக்கலன்னு உனக்கு யாரு சொன்னா?”

“திறந்திருந்தா முடிஞ்சிருக்கும். முடிஞ்சிருந்தா பாட்டில் வந்திருக்கும்.”

தங்கை கையிலிருந்த பாத்திரத்தைச் சுற்றாமலே பெட்டிக்குள் வைத்தாள். “சரி. அங்க ஒத்து வரலன்னா பெட்டியைத் தூக்கிட்டு என் வாசல்ல வந்து நிக்காத,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகன் வீட்டில் ஒரு அலமாரியைக் காலி செய்து வைத்திருந்தார்கள். கட்டிலில் புது விரிப்பு. போன அன்று சாயங்காலமே மேடம் அந்த வருடத்தின் ஆகப் பெரிய பாட்டிலை மருமகள் கையில் கொடுத்தாள். காலையில் எழுந்து பார்த்தால் சாப்பாட்டு மேஜையில் பாட்டில் தயாராக நின்றது, துடைத்து, ரிப்பனோடு. மேடத்துக்கு நெஞ்சு நிறைந்தது. தங்கையைக் கூட்டிவந்து காட்டினால் என்ன என்றுகூடத் தோன்றியது.

அதே நேரத்தில் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பிளம்பர் வந்தார். தொட்டிக்கு அடியில் தலையை விட்டு, குழாயைக் கழற்றி, வாளியை நகர்த்தி வைத்தார். வளைவுக்குள் கம்பியை விட்டுக் குடைந்ததும் பழுப்பாக ஒரு கட்டி வந்து விழுந்தது.

“லீவு வந்தா போதும், இந்த வீட்டுக்கு நான் வந்துருவேன்,” என்றார், யாரைக் குறிப்பிட்டும் சொல்லாமல். “வெந்நீர் விட்டுக் கரைச்சு ஊத்தும்போது இறங்கிடுது. உள்ள போய் ஆறினதும் இறுகிக்குது. என்னம்மா இது, பசையா?”

மேடம் குனிந்து பார்த்தாள். தீக்குச்சி கனம்.

“ஜாம்,” என்றாள்.

“ஜாமா.” பிளம்பர் ஒரு துண்டை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “நறுக்கினவங்க நல்லா நறுக்கியிருக்காங்க. எல்லாம் ஒரே அளவு.”

அவளுடைய ஜாமுக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் பொய் கலக்காதது இது ஒன்றுதான்.

மருமகள் முகத்தில் ஈயாடவில்லை. “கொஞ்சம் சாப்பிட்டோம் அத்தை,” என்றாள்.

“எவ்வளவு?”

“முதல் வருஷம்,” என்றான் மகன். “ஒரு ஸ்பூன்.”

“பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா.”

“நீ பாட்டில் எங்கன்னுதானேம்மா கேட்ப. ஜாம் எப்படி இருந்துச்சுன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா?”

பிளம்பர் குழாயை மாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டார். அது கடகடவென்று இறங்கிப் போனது. மேடம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். தலைமை நூலகர் வீட்டுத் தொட்டி, கணக்குப் பிரிவு அம்மா வீட்டுத் தொட்டி, காவலாளி வீட்டுத் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின. பைண்டர் வீட்டில் மட்டும் அடைப்பு இருந்திருக்காது.

“ரெண்டு நாள் தங்கச்சி வீட்ல இருந்துட்டு வர்றேன்,” என்று பெட்டியை எடுத்தாள். ரெண்டு நாள் என்பதை யாரும் நம்பவில்லை. அவளும்தான். வாசல்வரை வந்த மருமகள், பழக்க தோஷத்தில், காலி பாட்டிலைப் பையில் போட்டு நீட்டினாள். மேடமும் பழக்க தோஷத்தில் வாங்கிக்கொண்டாள்.

தையல் கடையில் தங்கை தரையில் மண்டியிட்டு, மரப் பொம்மைக்கு மாட்டிய பாவாடையின் ஓரத்தை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசிகள். அக்காவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். ஊசிகளை எடுக்காமலே, “பாட்டில் வாங்க வந்தியா?” என்றாள்.

“ஆமா,” என்றாள் மேடம். வேறு எதைச் சொல்வது?

“மேல இருக்கு. எடுத்துக்கோ.”

மாடியில், சாப்பிடும் மேஜைக்கு நேரெதிரே ஒரு பலகை. அதில் எல்லாம் இருந்தன. எல்லா வருடத்துத் துணிகளும், எல்லா வருடத்து ரிப்பன்களும். தூசி துடைத்திருந்தது. ஒன்று மட்டும் திறந்து, ஒரு ஸ்பூன் ஆழத்துக்குக் குழிந்திருந்தது. மற்றதெல்லாம் மூடி பிரியாதவை.

தங்கை பின்னாலேயே ஏறி வந்தாள். இப்போது வாயில் ஊசிகள் இல்லை.

“தூக்கிப் போடலாம்னு எடுப்பேன். லேபிள்ல உன் கையெழுத்து முறைக்கும். திரும்ப வச்சிருவேன். திங்கவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. உன்னை மாதிரியேதான்.”

மேடம் திறந்திருந்த பாட்டிலைத் தொடவில்லை. போன வருடத்ததை எடுத்து, ரிப்பனை அவிழ்த்து, மூடியை முந்தானையால் பிடித்துத் திருகினாள். டாக்டரை மனதில் நினைத்துக்கொண்டு ஸ்பூன் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். இனிப்பு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கசப்பு காது மடல்வரை ஏறியது.

“எப்படி?” என்றாள் தங்கை. குரலில் இரக்கம் இல்லை. இத்தனை வருடம் காத்திருந்த கேள்வி.

மேடம் தண்ணீர் குடித்தாள். மறுபடி குடித்தாள். “அந்தக் கிழிஞ்ச தாள்ல ஏதோ முக்கியமா இருந்திருக்கு,” என்றாள். “கிழிச்சவன் மட்டும் என் கைல கிடைச்சான்னா…”

தங்கை சிரிக்கத் தொடங்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் பாட்டிலோடு தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

“அதுல ஊத்தாத. அடைச்சுக்கிட்டு வழிஞ்சா கீழ கடைல இருக்கற துணியெல்லாம் நாசமாயிடும்.”

மேடம் நின்றாள். மூடியைத் திருகி, துணியைப் போர்த்தி, ரிப்பனைக் கட்டினாள். பலகைக்குப் போனாள். தங்கை வரிசை மாற்றி வைத்திருந்தது கண்ணை உறுத்தியது. எல்லாவற்றையும் இறக்கி, பழையதிலிருந்து புதியதுவரை, லேபிள் வெளியே தெரியும்படி அடுக்கினாள். கடைசியில் மருமகள் கொடுத்த காலி பாட்டிலையும் பையிலிருந்து எடுத்து வைத்தாள். வரிசையில் அது ஒன்றுதான் பளபளத்தது.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அந்தப் பளபளப்புக்கு மயங்கித்தானே போன,” என்று சொல்லிவிட்டு அதை எடுத்தாள். கீழே போய்க் குண்டூசி போட்டு வைத்துக்கொண்டாள். அங்கிருந்தே குரல் வந்தது.

“அக்கா, பெட்டியை வாசல்லயே வச்சிட்டுப் போயிட்ட. யாரு தாண்டித் தாண்டிப் போறது? வந்து உள்ள எடு.”