வாப்பாவின் ஹோட்டலுக்குப் போன கதிரைகள்

இடியப்பப் பெட்டியின் சூடு எனக்கு இடது இடுப்பில்தான் முதலில் ஏறும். ஈரத்துணி போட்டு மூடிய ஓலைப்பெட்டி. துணியின் ஈரம் சட்டையில் ஊறி, அரிசிமா வாசத்தோடு தோலைச் சுடும். சுடுகிறதே என்று ஓடுவேன், ஓடினால் பெட்டி குலுங்கி இன்னும் சுடும். இந்தப் பிள்ளைக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும் என்று உம்மா சொல்லிக்கொண்டே இருப்பார்.

அரசாங்கக் கச்சேரியில் வெள்ளைக்காரனின் கொடி பறந்துகொண்டிருந்த கடைசி வருஷங்கள் அவை. புத்தளம் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தது. உப்பு ஏற்ற வருகிற லொறிக்காரர்கள், காணி விஷயமாகக் கச்சேரிக்கு வருகிறவர்கள், கற்பிட்டிப் பக்கமிருந்து கருவாடும் புகையிலையும் கொண்டுவருகிறவர்கள், ரயிலில் இறங்கி எங்கே போவது என்று திசை பார்த்து நிற்கிறவர்கள் என்று கடைத்தெருவில் எந்த நேரமும் ஆட்கள். துரைமார் சாப்பிடுவதற்கு வாடிவீடு இருந்தது. மற்றவர்களுக்குச் சாப்பாட்டுக் கடைகள்தான். அப்படி ஒன்று வாப்பாவுடையது. பெயர்ப்பலகைகூட இல்லை, என்றாலும் வீட்டில் நாங்கள் "ஹோட்டல்" என்றுதான் சொல்வோம். இரண்டு நீள மேசை, பக்கத்துக்கு ஒன்றாக முதுகில்லாத "வாங்கு", அவ்வளவுதான். சாப்பிட்டவன் எழும்பிப் போக வேண்டும் என்பது வாப்பாவின் கொள்கை. "உக்காந்து கதைக்கிறதுக்கு இது என்ன கலியாண வீடா?" என்பார்.

ஹோட்டலின் இடியப்பம், அதற்கு ஊற்றும் ஆணம், சம்பல் எல்லாம் எங்கள் வீட்டுக் குசினியில் உம்மாவின் கையால் ஆனவை. ஆணச் சட்டியை வாப்பா விடியவே கொண்டுபோவார். இடியப்பத்தைச் சுடச்சுட நான் கொண்டுபோவேன். ஆனால் உம்மா அந்த ஹோட்டலை ஒருநாளும் கண்டதில்லை. எங்கள் பெண்கள் கடைத்தெருவுக்குப் போவதில்லை. எங்காவது போவதென்றாலும் திரை போட்ட மாட்டுக் கரத்தையில், பின்தெருவால்தான் போவார்கள். தன் கைச் சாப்பாட்டை யார் தின்றார்கள், எப்படித் தின்றார்கள் என்று அறிய உம்மாவுக்கு என் வாயை விட்டால் வேறு வழி கிடையாது. நானும் "பெரிய பிள்ளை" ஆகும்வரைதான் போகலாம். அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனாலோ என்னவோ அந்தத் தெருவில் என் கால் ஓரிடத்தில் நிற்காது, கண்ணும் நிற்காது.

பள்ளிக்கூடம் விட்டதும் ஹோட்டலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். உம்மா வாசல் திரைக்குப் பின்னால் நின்று, நான் உள்ளே வருமுன்பே கேட்பார்.

"மிச்சம் இரிந்திச்சா?"

"இல்ல உம்மா, எல்லாம் முடிஞ்சு."

முதலில் அது உண்மையாகத்தான் இருந்தது. பிறகு எங்களுக்கு எதிரே, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் புது ஹோட்டல் திறந்தார். உள்ளே வட்ட மேசைகள், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. எங்கள் வாங்கு காலியாகத் தொடங்கியது. பெட்டி பாதிக்குமேல் நிறைந்தபடி திரும்பிவர ஆரம்பித்தது. "வீட்டுக்குக் கொண்டு போ மகள்" என்று மட்டும் வாப்பா சொல்வார். திரைக்குப் பின்னால் காத்திருக்கும் அந்த முகத்துக்கு முன்னால் மிச்சத்தை எப்படி வைப்பது? கடலோரக் களப்புக் கரையில் எப்போதும் ஐந்தாறு கழுதைகள் நிற்கும். எங்கள் ஊரில் கழுதை இல்லாத தெரு ஏது. அவற்றுக்குக் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு வந்து, "எல்லாம் முடிஞ்சு" என்றேன்.

அந்தப் பொய் உம்மாவின் முதுகில் ஏறியது. எல்லாம் முடிகிறதே, ஆட்களுக்குப் போதாதே என்று அவர் இன்னும் முன்னதாக எழும்பி இன்னும் கூட அவித்தார். இவளுக்கு என்ன பிடிவாதம் என்று வாப்பா ஹோட்டலில் முணுமுணுத்தார். மிச்சமெல்லாம் வீட்டுக்குப் போகிறது, உம்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று அவர் நினைத்திருந்தார். இருவருக்கும் நடுவே நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன். இரவில் படுத்தாலும் கால் ஓடுவது போலவே இருக்கும்.

ஒருநாள் கழுதைகள் என் பின்னாலேயே வீடுவரை வந்துவிட்டன. விரட்டினேன், போகவில்லை. கிடுகு வேலிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு என் பெட்டியையே பார்த்தபடி நின்றன. பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாமி, உங்கட ஹோட்டல் ஆக்கள் வீட்டுக்கே வந்துட்டாங்க. பாய் விரிச்சுப் போடுங்க" என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். உம்மா பெட்டியை வாங்கி அடியைத் தடவிப் பார்த்தார், வெளியே நின்ற கழுதைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"என்ன குறை மகள்? உப்பா? புளிச்சிச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு உம்மா இருப்புக்கொள்ளாமல் திரிந்தார். மாவை மறுபடி வறுத்தார், அரிசியை மாற்றினார், ஆணத்தை வாயில் வைத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே இருந்தார். தன் கை கெட்டுப்போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்.

அந்த மாதம் எத்தாளையில் ஒரு கலியாணம். அன்றைக்கும் உம்மா அவித்து அனுப்பிவிட்டுத்தான் என்னோடு கரத்தையில் ஏறினார். கரத்தை பின்தெருவுக்குத் திரும்பப் போக, உம்மா திரைக்குள்ளிருந்து கரத்தைக்காரரிடம், "காக்கா, கடைத்தெருவால போங்க" என்றார். கரத்தைக்காரர் திகைத்து என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஹோட்டலுக்கு முன்னால் வந்ததும், "கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றார். கரத்தைக்காரர் மாட்டுக்கு வைக்கோல் உதறுவதுபோல் இறங்கி நின்றார்.

திரையின் ஓரத்தில் ஒரு விரல் அகலம். அதன் வழியே உம்மா பார்த்தார். இந்தப் பக்கம் ஈ விரட்டிக்கொண்டிருக்கும் வாப்பா, மூடியபடி கிடக்கும் எங்கள் பெட்டி. அந்தப் பக்கம் முழுக்க ஆட்கள். லொறிக்கு ஆள் சேரும்வரை காத்திருப்பவர்கள், கச்சேரியில் பெயர் கூப்பிடும்வரை காத்திருப்பவர்கள். தட்டுகள் எப்போதோ வெறுமையாகியிருந்தன. ஆட்கள் மட்டும் முதுகு வைத்த கதிரைகளில் காலுக்கு மேல் கால் போட்டு, நல்லாய்ச் சாய்ந்துகொண்டு கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

 கரத்தை நகர்ந்து உப்பளம் தெரியத் தொடங்கிய பிறகு உம்மா என் தோளைப் பிடித்து, "சாப்பாட்டுக்கு இல்ல மகள், கதிரைக்குத்தான் போறாங்க" என்றார். முக்காட்டுக்குள்ளே அவர் சிரித்ததையும் அழுததையும் ஒன்றாகப் பார்த்தேன்.

எங்கள் முன்னறையில் நாலு பிரம்புக் கதிரைகள் இருந்தன. உம்மாவின் சீதனத்தோடு வந்தவை. வருகிற ஆண்களுக்கென்று துடைத்து வைப்பாரே தவிர, அவர்கூட அவற்றில் உட்கார்ந்ததில்லை. அவற்றை ஹோட்டலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சீதனக் கதிரையைத் தெருவுக்கு அனுப்புகிறதா, ஊர் என்ன சொல்லும் என்று கத்தினார்.

"என்ட இடியப்பம் தெருவுக்குப் போகலாம், கதிரை போகப்படாதா?" என்று உம்மா கேட்டார். வாப்பா கரத்தைக்குச் சொல்லிவிட எழும்பிப் போனார்.

கதிரைகள் போன அன்று நான் வீட்டில் ஓர் அறைக்குள் இருந்தேன். முதல்நாள்தான் பெரிய பிள்ளையாகியிருந்தேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது, கடைத்தெருவும் நின்றது. கரத்தையில் கதிரைகளை ஏற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பகல் தொழுகை முடிந்து வாப்பா சாப்பிட வந்ததும் உம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். கதவுக்குப் பின்னால் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எல்லாம் முடிஞ்சு" என்றார் வாப்பா. நான் சொன்ன அதே சொல். அன்று மட்டுமல்ல, பிறகு எத்தனையோ பகல்கள் அந்த அறையிலிருந்து, வேலிக்கு வெளியே கழுதைகள் வந்து நிற்கின்றனவா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கலியாணமாகிப் பிள்ளைகளும் பிறந்த பிறகு வாப்பா மௌத்தானார். ஹோட்டலை மூடி, கதிரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாலிலும் பிரம்பு குழிந்து, கைப்பிடிகள் வியர்வையில் கறுத்து மினுங்கின. உம்மா ஒவ்வொன்றின் குழியிலும் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"உக்காந்திரிக்காங்க" என்றார்.

அந்த இடத்தில் இன்றைக்குப் போன் விற்கும் கடை இருக்கிறது. எதிர் ஹோட்டலும் இல்லை, கரத்தைகளும் இல்லை, கழுதைகளும் கடைத்தெருப் பக்கம் முன்போல் வருவதில்லை. போன மாதம் பேத்தி என்னைக் கொழும்பு ரோட்டில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனாள். பெண்களுக்கென்று மறைத்த அறையைக் காட்டினார்கள். எனக்கு வெட்கம்தான், ஆனாலும் தெருப்பக்க மேசையிலேயே உட்கார்ந்தேன். அடுத்தவர் தட்டில் என்ன மிச்சம் என்று நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு பேத்தி என் கையைக் கிள்ளினாள்.

நாலு கதிரைகளில் ஒன்றுதான் இப்போது மிச்சம். குழிந்த பிரம்பு அங்கங்கே பிய்ந்துவிட்டது, புதிதாகப் பின்னித் தரட்டுமா என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வேண்டாம் என்கிறேன். பின்னிவிட்டால் அது யாருமே உட்காராத கதிரையாகிவிடும்.