பேட்டரிக் கடை அருளப்பனும் என் மோட்டார் சைக்கிள் விளக்கும்

செவ்வாய்க்கிழமை காலை கிளேபாங்கில் என் மகன் வீட்டில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஜாசினிலிருந்து அருளப்பனின் மகள் ரோஸ்மேரி பேசினாள். "அங்கிள், அப்பா தவறிட்டாரு. பசியாறக் கூப்பிடப் போனேன். நாற்காலியில உட்கார்ந்த மேனிக்கே போயிட்டாரு." நான் தோட்டத்து மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸராக இருந்தவன். பழக்க தோஷத்தில், கை சூடாக இருந்ததா, முதல் நாள் நெஞ்சு வலி என்றாரா என்றெல்லாம் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். ரிசீவரை வைத்துவிட்டு ஜாசினுக்குக் கிளம்பினேன்.

ஜாசின் மக்களுக்கு அவர் பேட்டரிக் கடை அருளப்பன். கார் பேட்டரி மாற்றியதையும் மாதா கோவில் ஒலிபெருக்கியைப் பழுதுபார்த்ததையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கம்யூனிஸ்ட்டுகள் காட்டிலிருந்து வெள்ளைக்கார அரசோடு போரிட்ட எமர்ஜென்சிக் காலத்து அருளப்பனை அறிந்தவர்கள் இன்று என்னையும் சேர்த்து மூன்று நான்கு பேர் இருந்தால் அதிகம். அந்தக் காலத்தைப் பற்றி எழுத வேண்டியவன் நான்தான்.

அப்போது எங்கள் இருவருக்கும் முப்பதுகூட ஆகவில்லை. தோட்டங்களில் வானொலி வைத்திருந்த கிராணிமார், அதாவது எழுத்தர்கள், தங்கள் பேட்டரிகளை வாரம் ஒருமுறை பஸ்ஸில் ஏற்றி அவர் கடைக்கு அனுப்புவார்கள். அவர் சார்ஜ் ஏற்றி, ஒவ்வொன்றின் மேலும் சாக்குக்கட்டியால் பெயர் எழுதித் திருப்பி அனுப்புவார். கடைக்குள் நுழைந்தாலே ஆசிட் நெடி கண்ணைக் கரிக்கும். அவருடைய சட்டைகளில் ஓட்டை இல்லாத சட்டையை நான் கண்டதில்லை.

நான் நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தேன். மூன்று டிவிஷன்களுக்கும் நான் ஒருவனே டிரெஸ்ஸர். நிர்வாகம் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. அதன் முன் விளக்குக்குப் பேட்டரி கிடையாது. எஞ்சின் சுழலும்போது உண்டாகும் மின்சாரம் நேராக விளக்குக்குப் போகும். வேகமாகப் போனால் வெளிச்சம், மெதுவாகப் போனால் மினுக்கல், எஞ்சின் நின்றால் இருட்டு. ஆனால் ரோட்டில் தடுப்புப் போட்டு நிற்பவர்கள் எதிர்பார்த்தது வேறு. மெதுவாக வர வேண்டும், விளக்கு எரிய வேண்டும், நிறுத்தி முகத்தைக் காட்ட வேண்டும். விளக்கை அணைப்பவன் காட்டுக்காரர்களின் ஆள் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு நாள் மாலை மங்கும் வேளையில் மூன்றாம் டிவிஷன் கேட்டருகே மேட்டில் எஞ்சின் நின்றுவிட்டது. விளக்கும் போனது. அடுத்த கணம் துப்பாக்கி வெடித்தது. குண்டு எந்தப் பக்கம் போனதென்று எனக்குத் தெரியாது. "டிரெஸ்ஸர்! டிரெஸ்ஸர்!" என்று கத்திக்கொண்டே சேற்றில் படுத்துக்கொண்டேன். ஓடிவந்த மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்னைத் தூக்கி நிறுத்தினார். 

மறுநாளே வண்டியை ஜாசினுக்குக் கொண்டுபோனேன். அருளப்பன் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"இதுல வர்றது ஏசி, டிரெஸ்ஸர். இப்படியும் அப்படியும் மாறி மாறி ஓடும். பேட்டரியில ஏறாது. டிசியா மாத்திப் பேட்டரியில ஏத்தி, அதுலருந்து லைட்டுக்குக் கொடுக்கணும்."

"அப்போ எஞ்சின் நின்னாலும் எரியுமா?"

"நிக்கும்போதுதானே உங்களுக்கு லைட்டு வேணும். ஓடுறப்போ என்னாத்துக்குச் சுடப்போறான்?"

தம்முடைய பழைய சார்ஜரிலிருந்து ஒரு ரெக்டிஃபையரைக் கழற்றினார். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் போகவிடும் தகடுகளின் அடுக்கு அது. சீட்டுக்கு அடியில் ஆறு வோல்ட் பேட்டரிக்கு ஒரு தகரப் பெட்டி அடித்தார். விளக்கும் சின்னதாக மாறியது. பெரிய பல்பு, ஏறுவதைவிட அதிகமாகக் குடிக்கும் என்றார்.

அந்த வேலை மூன்று நாள்தான் தாங்கியது. நான்காம் நாள் திரும்பி வரும் வழியில் விளக்கு மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது. பாடுகிறவனைச் சுடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், தெரிந்த பாட்டையெல்லாம் உரக்கப் பாடிக்கொண்டே கேட் வரை வண்டியைத் தள்ளினேன். லாரி ஓட்டும் முத்தையாவிடம் அருளப்பனுக்குச் சொல்லியனுப்பினேன். வண்டியைக் கொண்டுவரச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ, "அந்த ஆளு இருட்டுல போய்ட்டிருக்காரு, நான் இங்க உட்கார்ந்திருக்க முடியாதுலா" என்று சொல்லிவிட்டு, சார்ஜ் ஏற்றிய பேட்டரி, கம்பிச் சுருள், ஒரு புட்டி ஆசிட், குறடு எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக்கொண்டு முத்தையாவின் லாரியிலேயே ஏறிவிட்டார்.

வழியில் தடுப்பில் சாக்கை அவிழ்த்தார்கள். பேட்டரி, கம்பி, ஆசிட் மூன்றும் சேர்ந்து இருந்தால் அந்த நாட்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வெடிகுண்டு. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதமும் கிடைத்தது. என் வண்டிக்குக் கம்பி இழுக்க வேண்டிய விதத்தைச் சிவப்பிலும் கறுப்பிலும் கோடு போட்டு வரைந்திருந்தார். அதைக் காட்டுப் பாதையின் வரைபடம் என்று எண்ணி அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். எந்தக் காவல் நிலையம் என்பது இனி யாருக்கும் வேண்டாம்.

அன்றே, வியாழக்கிழமை மதியம், முத்தையா வந்து விஷயத்தைச் சொன்னார். தோட்டத்துத் துரையிடம், அருளப்பன் என் வண்டிக்காகத்தான் வந்தார் என்று ஒரு கடிதம் கேட்டேன். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார். நானும் என் வேலையைத்தான் பார்த்தேன். காட்டுக்குள் மருந்து கடத்துகிறார்கள் என்று டிரெஸ்ஸர்களின் மேலேயே அப்போது சந்தேகம் இருந்தது. விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம், கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பலாம். அவருக்காகப் பேசப் போனால் என்னையும் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். வெள்ளிக்கிழமையும் போகவில்லை. அன்று மாலை என் மனைவி கமலா சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"உங்க வண்டிக்காகத்தானே அவரு வந்தாரு?"

"ஆமா."

"அப்புறம் ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

சனிக்கிழமை காலை, கடிதம் இல்லாமலே போனேன்.

காவல் நிலையத்தில் மலாய் இன்ஸ்பெக்டர் ஒருவர் நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். அருளப்பனை அழைத்துவந்தார்கள். வெறுங்கால். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அதைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"வண்டியைக் கொண்டாந்திருக்கீங்களா?"

வாசலில் நிற்கிறது என்றேன். அவர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, அந்தக் காகிதம் என்னவென்று இப்போதே செய்து காட்டுகிறேன் என்று மலாயில் சொன்னார். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார். "புவாட்" என்றார். செய் என்று.

முற்றத்தில் இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து அருளப்பன் எஞ்சின் மூடியைக் கழற்றினார். ஐந்து நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். மின்சாரம் தரும் சுருளின் ஒரு முனை வண்டியின் உடம்போடு ஒட்டியே இருந்தது. அதனால் பாதி மின்சாரம் பேட்டரிக்குப் போகாமல் வீணாகிக்கொண்டிருந்தது. "தப்பு என்னோடது, டிரெஸ்ஸர். வண்டியோடது இல்ல" என்றார். என் உயிர் போயிருக்கக்கூடிய தப்பு. தம் உயிரே ஊசலாடிய இடத்தில் அதை ஒத்துக்கொண்டார்.

அந்த முனையைப் பிரித்தார், தனியாகக் கம்பி இழுத்தார், போலீஸார் வைத்திருந்த தம் சாக்கிலிருந்து பேட்டரியை எடுத்து மாட்டினார். எஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். இருட்டான சாமான் அறைக்குள் வண்டியைத் தள்ளினோம். எஞ்சின் சத்தமே இல்லை. விளக்கு எரிந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, காகிதத்தையும் கம்பிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பத்து நிமிடமாவது இருக்கும். வெளிச்சம் குறையவில்லை. காகிதத்தை மடித்து அருளப்பன் கையில் கொடுத்தார். போலீஸ் வண்டிகளுக்கும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டார்.

"முடியும், துவான். கடைக்கு அனுப்புங்க. ஆனா உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு இருக்காங்க" என்று மலாயில் சொன்னார் அருளப்பன்.  இன்ஸ்பெக்டர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த வாரம் இரண்டு வண்டிகள் வந்தன. மூன்றாவதாகவும் நான்காவதாகவும்தான் அவற்றில் கைவைத்தார்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். மூன்றாம் டிவிஷனில் அஞ்சலை என்ற பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது என்று மாலை ஆறரைக்குச் செய்தி வந்தது. கேட்டில் எஞ்சினை நிறுத்தினேன். விளக்கு எரிந்துகொண்டே இருக்க, கான்ஸ்டபிள் என் முகத்தைப் பார்த்துக் கையசைத்து அனுப்பினார். நான் போய்ச் சேருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. தொழிலாளர் லயத்து அறையில் இருந்த மண்ணெண்ணெய் விளக்கில் என் கையே எனக்குத் தெரியவில்லை. வண்டியை வாசற்படியில் ஏற்றி, விளக்கைப் பாய்க்கு நேராகத் திருப்பிவைத்தேன். பழைய விளக்காக இருந்தால் எஞ்சின் அலற வேண்டும், புகை அறையை நிறைக்க வேண்டும். இப்போது அந்த அறையில் அஞ்சலையின் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ரத்தம் நின்றது.

அடுத்த வாரம் கடைக்குப் போய்ச் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் எரிஞ்சுச்சு?"

"ஒரு மணிக்கு மேல."

"கடைசியில மங்குச்சா?"

"கொஞ்சம்."

"மங்கத்தான் செய்யும். ஓட்டினா திரும்ப ஏறிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நான் தெருவில் இறங்கிய பிறகு பின்னாலேயே வந்தார். "அந்தம்மா எழுந்து நடக்குதா?" என்று கேட்டார். நடக்கிறாள் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் பழகினோம். அந்த வியாழனையும் வெள்ளியையும் பற்றி நான் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. முத்தையா எந்த நாளில் என்னிடம் சேதி சொன்னார் என்பது அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது, ரோஸ்மேரி என் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் மருமகளிடம் நிறுத்தினாள். "இவருதான்மா டிரெஸ்ஸர் அங்கிள். அப்பாவைப் போலீஸ் பிடிச்ச அன்னிக்கே, பயப்படாம நேரா ஸ்டேஷனுக்கு ஓடிவந்தாரு. அப்பா எங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு." அந்தப் பெண் குனிந்து என் காலைத் தொட்டாள். அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்றைக்கே இல்லை, ரோஸ்மேரி. இரண்டு நாள் கழித்து, மனைவி சொல்லித்தான் வந்தேன். உன் அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். அவரை அறிந்த எல்லோருக்கும் இந்த உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்காக அவர் தம் வீட்டில் ஆயுள் முழுதும் சொல்லிவந்த அந்த ஒரு பொய்யை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.