ஹாஸ்கின்ஸ் கொட்டகையில் இடப்பக்கம்

தூரிகையின் நுனியை மட்டும் சிவப்புச் சாயத்தில் நனைத்து, ஒரு பக்கத்தை டப்பா விளிம்பிலும் மறுபக்கத்தைத் தன் இடது தொடையிலும் வழித்துக்கொள்கிறது அந்தக் கை. அளவுகோல் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. மணிக்கட்டு அசையாமல் முழங்கை மட்டும் நகர, ஒட்டுப்பலகை மேல் தடித்த அம்பு ஒன்று ஒரே இழுப்பில் வந்து நிற்கிறது. கால்சட்டையின் வலது தொடை நேற்றுத் துவைத்தது போலிருக்கும். இடது தொடையைப் பார்த்தால் எந்த வருஷம் எந்தப் பாதைக்கு என்ன நிறம் என்று சொல்லிவிடலாம்.

கைக்குச் சொந்தக்காரர் வெர்லின் ஸ்டாலர்ட். இண்டியானாவில் எங்கள் மாவட்டத்துக் கூரைப் பாலங்களைத் தேடி அக்டோபர் திருவிழாவுக்குக் கார்கள் வரும்போது, சரளைச் சாலைகளில் அவற்றைத் திருப்பிவிடுபவை இவருடைய அம்புகள்தான். பாலத்துக்கு எதற்குக் கூரை என்று யாராவது கேட்டால், "நனையாம இருக்கத்தான். உங்க வீட்டுக்கு எதுக்குப் போட்டிருக்கீங்க?" என்பார்.

அம்பு ஏன் இவ்வளவு தடிமன் என்று நானும் ஒருமுறை கேட்டேன். "வண்டிக்குள்ள புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் வருவாங்க. அதுக்கு நடுவுல கண்ணுல படணும்."

அம்புகளை அறைந்த மறுநாள், வழி தெரியாதவராகத் தன்னைப் பாவித்துக்கொண்டு எல்லாப் பாதைகளிலும் ஓட்டிப் பார்ப்பார். எங்கள் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது மரியாதை. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அன்றைக்கு நான் விரலைத் தூக்கினால் பதில் வராது. கேட்டால், "நேத்து நான் இந்த ஊர்க்காரன் இல்லையே" என்பார்.

இவ்வளவு கவனக்காரர் அம்பு போடாத பாலம் ஒன்றே ஒன்று: தன் வீட்டுக்கு அடுத்த திருப்பத்தில், ஆட்டர் ஓடை மேல் இருப்பது. அந்தத் திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் அவர் வெளியூர்க்காரர் ஆவார். கார்க்காரர்கள் அவர் வாசலில் நிறுத்தி வழி கேட்பார்கள். தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொல்வார்: நேராகப் போனால் ஹாஸ்கின்ஸ் கொட்டகை வரும், அதில் இடப்பக்கம். அந்தக் கொட்டகை எரிந்துபோனது நான் பிறப்பதற்கு முன்பு. அதைத் தேடிக்கொண்டே போகிறவர்கள் பக்கத்து மாவட்டத்துக்குப் போய், அங்கே சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்தே வீடு திரும்புவார்கள்.

நஷ்டம் அவருடைய அக்கா நடீனுக்கு. ஆட்டர் ஓடைப் பாலத்து வாயில் மேசை போட்டு, பெர்சிமன் பழத்தில் செய்த புட்டிங் என்ற இனிப்பை விற்பவர் அவர். போன வருஷத் திருவிழாவில் அதைச் சாப்பிட்டது வெர்லின், நான், யாருடையது என்று தெரியாத ஒரு நாய்.

இந்த வருஷம் முதல் நாள் காலையில், வெர்லின் பலகை தீட்டுவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றிருக்க, புட்டிங் தட்டுகள் ஏற்றிய வேனைத் தம்பி வாசலில் நிறுத்தினார் நடீன்.

"ஏன்டா, எல்லாப் பாலத்துக்கும் அம்பு போட்டியே, என் பாலத்துக்கு எங்கடா?"

"உன் பாலம் எல்லாருக்கும் தெரியும்க்கா."

"தெரிஞ்சவன் எவன்டா காசு குடுத்து வாங்குறான்?"

இன்றைக்கும் ஆள் வராவிட்டால் நாளைக்கு மேசையை நீதிமன்றச் சதுக்கத்துக்கு மாற்றப்போவதாகவும், அங்கே இடம் சொல்லி வைத்தாயிற்று என்றும் சொன்னார். வெர்லினின் கை நின்றது. திருவிழா முழுக்க மத்தியானச் சாப்பாடு அவருக்கு அக்கா மேசையில்தான். சதுக்கத்துக் கூட்டத்தில் வண்டி நிறுத்துவதைவிடப் பட்டினி கிடப்பதே மேல் என்பார்.

"கொட்டகையில திரும்புன்னு தெளிவாத்தானே சொல்றேன்."

"கொட்டகை எங்கடா இருக்கு?"

"இருந்துச்சுல்ல."

அப்போது ஒஹாயோ எண் பலகையோடு ஒரு கார் வந்து நின்றது. காலையில் ஏற்கெனவே இவரிடம் வழி கேட்டுப் போனவர்கள்தான். ஓட்டியவர் தயங்கினார். "ஐயா, அந்தக் கொட்டகை..." பக்கத்திலிருந்த அம்மாள் குறுக்கிட்டார்: "ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டோம். இவரு கொட்டகைன்னு நினைச்சு ஒருத்தர் மாட்டுத் தொழுவத்துக்குள்ள வண்டியை விட்டுட்டாரு." "நீதானே திரும்பச் சொன்ன" என்றார் ஓட்டியவர்.

வெர்லின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெரிய பலகை ஒன்றை எடுத்துப்போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். எட்டிப் பார்க்கப் போன என்னை முழங்கையால் தள்ளினார். காரில் சண்டை தொடர்ந்தது. நடீன் இடுப்பில் கைவைத்து நின்றார். தூரிகை மூன்று முறை தொடைக்குப் போய்வந்தது.

பலகையை நிமிர்த்தி அக்காவிடம் நீட்டினார். கொழுத்த அம்பு ஒன்று இடப்பக்கம் காட்டியது. அதன் மேலே எழுதியிருந்தது: ஹாஸ்கின்ஸ் கொட்டகை இருந்த இடம்.

"திருப்பத்துல நட்டுட்டுப் போ. இனிமே நான் சொல்றது சரியா இருக்கும். ஓரமாப் பிடிக்கா, ஈரம்."

நடீன் வாங்கி, ஒருமுறை வாசித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கட்டைவிரலில் ஒட்டிய சிவப்பைத் தம்பியின் வலது தொடையில் துடைத்துவிட்டு வேனில் ஏறினார்.